பொட்டலத்துக்கு வழி சொல்பவர் யார்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2021-ம் வருஷம் அக்டோபர் 4-ம் தேதி இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இரவு 9 மணி சுமாருக்கு வாட்ஸ்அப் நின்று போயிற்று. ராத்திரி ஷிப்டுக்குப் போனவர் வீட்டுக்குச் செய்தி அனுப்ப முடியவில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளையின் குரலுக்காகக் காத்திருந்த தாய் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். போன்தான் கெட்டு விட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டவர்களும் உண்டு. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஒரே கம்பெனியின் சொத்து. மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் பூராவும் படுத்து விட்டன.

போன் கெடவில்லை. கடலுக்கடியில் கம்பி எதுவும் அறுபடவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எரிந்து போகவில்லை. மின்சாரம் ஓடிக் கொண்டுதான் இருந்தது. பின் என்னதான் நடந்தது? அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் போகிற வழி உலகத்துக்கு மறந்து போயிற்று!

வழி மறந்து போவதென்றால் என்ன? அதற்கு முன்னால் அந்த வழியை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்? இன்று நான் பேசப் போவது இதைப் பற்றித்தான். இது இஞ்சினீயர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலி பாங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்ப்பது இந்த வழியில்தான். வெளியூர் மகன் அனுப்பும் பணம் வருவது இந்த வழியில்தான். ரேஷன் கடையில் விரல் ரேகையை ஒத்துப் பார்ப்பதும் இந்த வழியில்தான். தினமும் நடக்கிற பாதை எப்படிப் போட்டது, எங்கே இடியும் என்று தெரிந்து வைத்துக் கொள்வது நமக்கு நல்லது.

பொட்டலம் பிறந்த கதை

பழைய டெலிபோன் முறையில் இரண்டு பேர் பேசினால், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பாதை அவர்களுக்கென்றே ஒதுக்கப்படும். அவர்கள் பேசினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, வேறு யாரும் அதில் நுழைய முடியாது. எல்லாப் பாதைகளும் பெரிய எக்ஸ்சேஞ்சு வழியாகத்தான் போக வேண்டும். எக்ஸ்சேஞ்சு போனால் ஊரே ஊமை.

1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பால் பாரன் இந்தப் பிரச்னையை எடுத்துக் கொண்டார். அது அணுகுண்டு பீதி நிறைந்த காலம். குண்டு விழுந்து எக்ஸ்சேஞ்சுகள் நாசமானாலும் செய்தி போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன வழி? இதுதான் அவர் முன் இருந்த கேள்வி. அவர் சொன்ன பதில் இது: மத்திய எக்ஸ்சேஞ்சே வேண்டாம். மீன் வலையைப் போல, ஒவ்வொரு கண்ணியும் பக்கத்தில் உள்ள பல கண்ணிகளோடு சேர்ந்திருக்கட்டும். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டிலும் போக வேண்டிய விலாசத்தை எழுது. கையில் கிடைத்த துண்டை ஒவ்வொரு கண்ணியும் சற்றும் வைத்திருக்காமல், அந்த நேரத்தில் நல்லதாகத் தெரிகிற பக்கம் தள்ளி விடட்டும். சூடான உருளைக்கிழங்கைக் கையில் வைத்திருக்க முடியுமா? அதைப் போலத் தள்ளு என்று அந்த முறைக்கே அவர் அப்படிப் பெயர் வைத்தார். 1964-ல் இந்த யோசனைகளை விரிவாக வெளியிட்டார். அந்நாட்டு டெலிபோன் துறையைத் தன் கைக்குள் வைத்திருந்த ஏ.டி. அண்டு டி. கம்பெனி, இது நடக்காத காரியம் என்று ஒதுக்கி விட்டது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டொனால்டு டேவிஸ் என்பவர் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அவருக்கு யுத்தக் கவலை இல்லை. விலை கூடிய ஒரு கம்ப்யூட்டரைப் பலர் தூரத்திலிருந்து பங்கு போட்டு உபயோகிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்தத் துண்டுக்கு "பாக்கெட்" என்று பெயர் சூட்டியவர் அவர்தான். நாம் அதைப் பொட்டலம் என்று சொல்லுவோம்.

1969 அக்டோபர் 29-ம் தேதி, லாஸ் ஏஞ்செல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போயிற்று. அனுப்ப நினைத்தது "லாகின்" என்ற சொல். எல் போயிற்று, ஓ போயிற்று, அதோடு அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் விழுந்து விட்டது! (சிரிப்பு). சிரித்தாலும் காரியம் நடந்து விட்டது. அந்த வருஷ முடிவில் 4 இடங்கள் சேர்ந்தன. அர்பாநெட் என்ற அந்த வலையிலிருந்துதான் இன்றைய இன்டர்நெட் வளர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் பொட்டலத்தை வாங்கித் தள்ளுவதற்கென்று பீரோ அளவில் ஒரு தனி யந்திரம் வைத்தார்கள். இன்று ரூட்டர் என்று சொல்கிறோமே, அதற்கு அதுதான் பாட்டன்.

கையும் மூளையும்

நீங்கள் ஒரு போட்டோ அனுப்புகிறீர்கள். அது 30 லட்சம் பைட் இருக்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு பொட்டலத்தில் 1,500 பைட் வரைதான் கொள்ளும். ஆகவே உங்கள் போட்டோ 2,000-க்கும் அதிகமான பொட்டலங்களாகிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்பியவர் விலாசம், சேர வேண்டிய விலாசம் இரண்டும் இருக்கும். எல்லாம் ஒரே வழியில் போக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசையாக அடுக்கிக் கொள்வார்கள். நடுவில் ஒன்று தொலைந்தால் மறுபடியும் கேட்டு வாங்கிக் கொள்வார்கள்.

விலாசம் என்பது நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இப்படி மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்கள்தான் உண்டு. அது போதாமல் போனதால் இன்னும் நீளமான விலாசமும் இன்று புழக்கத்தில் இருக்கிறது.

வழியில் நிற்கும் ரூட்டருக்கு இரண்டு வேலை. ஒன்று கை வேலை: வந்த பொட்டலத்தின் விலாசத்தைப் படி, பட்டியலைப் பார், எந்தக் கம்பியில் தள்ள வேண்டுமோ அதில் தள்ளு. பெரிய ரூட்டர் இதை ஒரு விநாடியில் கோடிக்கணக்கான தடவை செய்கிறது. மற்றது மூளை வேலை: அந்தப் பட்டியலைத் தயாரிப்பது, நிலைமை மாறினால் திருத்துவது.

முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். எந்த ரூட்டருக்கும் உங்கள் பொட்டலத்தின் முழுப் பயணமும் அதன் பொறுப்பில் இல்லை. அடுத்த படி எது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. வழிப்போக்கன் கேட்டால், "இந்த ரோட்டிலே போ, அடுத்த ஊரிலே கேட்டுக்கொள்" என்கிறோமே, அவ்வளவுதான். அடுத்த ரூட்டரும் அப்படியே. பத்துப் பதினைந்து கை மாறி, கடல் தாண்டி, பொட்டலம் போய்ச் சேருகிறது.

வழி தவறி இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே பொட்டலம் சுற்றிக் கொண்டே இருந்தால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. புறப்படும்போதே அதற்கு ஆயுள் எண் ஒன்று கொடுப்பார்கள். உதாரணமாக 64. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். 0 ஆனால் அந்த இடத்திலேயே பொட்டலம் எறியப்படும். "உன் பொட்டலம் வழியில் மாண்டது" என்று அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகும்.

பக்கத்து ஊர்க்காரன் சொன்ன சொல்

பட்டியலை எப்படித் தயாரிப்பது? முழுப் படத்தை ஒரு தலைமை ஆபீசில் வைத்துக் கொண்டு எல்லோருக்கும் உத்தரவு போட்டால் என்ன? தலைமை ஆபீஸ் விழுந்தால் எல்லாம் விழும். அதைத் தவிர்க்கத்தானே இந்த வலையே!

அர்பாநெட்டின் முதல் முறை இது. ஒவ்வொரு யந்திரமும் தன் பக்கத்து யந்திரங்களிடம் மட்டும் பேசும். "இன்ன ஊருக்கு என்னிடமிருந்து இவ்வளவு தூரம்" என்று தன் பட்டியல் முழுவதையும் சொல்லும். கேட்டவன் தனக்கும் அவனுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக் கொள்வான். நாலு பக்கத்துக்காரர்கள் சொன்னதில் எது குறைவோ அந்தப் பக்கம் பொட்டலத்தைத் தள்ளுவான். ஒரு விநாடியில் ஒன்றரைத் தடவை வீதம் இந்தப் பேச்சு நடந்தது.

எளிமையான முறைதான். ஆனால் இதில் ஒரு வியாதி இருந்தது. கந்தன், முருகன், வேலன் என்று மூன்று பேர் வரிசையாக இருப்பதாக நினையுங்கள். கந்தனுக்கு அடுத்தவன் முருகன். முருகனுக்கு அடுத்தவன் வேலன். வேலனிடம் போக முருகனுக்கு ஒரு படி, கந்தனுக்கு இரண்டு படி. ஒரு நாள் முருகனுக்கும் வேலனுக்கும் நடுவிலுள்ள கம்பி அறுந்து விட்டது. முருகன் திகைக்கிறான். அப்போது கந்தன் வழக்கம் போல, "வேலனிடம் போக என்னிடம் வழி உண்டு, இரண்டே படி" என்கிறான். அது தன் வழியாகப் போகிற வழிதான் என்பது முருகனுக்குத் தெரியாது! "அப்படியா, எனக்கு மூன்று" என்று எழுதிக் கொள்கிறான். அதைக் கேட்டுக் கந்தன் நான்கு என்று எழுதுகிறான். முருகன் ஐந்து. கந்தன் ஆறு. இல்லாத வழியை ஒருவர் மேல் ஒருவர் சாட்சி வைத்து இருவரும் வளர்த்துக் கொண்டே போகிறார்கள். பொட்டலம் இருவருக்கும் நடுவில் பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது.

வழி திறந்த சேதி இந்த முறையில் உடனே பரவும். வழி அடைபட்ட சேதி மட்டும் நொண்டி நொண்டித்தான் வரும். இதே முறையைப் பின்பற்றி 1988-ல் எழுதி வைத்த விதி ஒன்றில், 16 என்று எண்ணி விட்டால் வழி இல்லை என்று அர்த்தம் என ஒரு வரம்பு கட்டினார்கள்.

இதைவிட மோசமானதும் நடந்தது. 1970களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த யந்திரத்தின் நினைவுப் பகுதி கெட்டு விட்டது. எல்லா ஊருக்கும் தன்னிடமிருந்து தூரம் 0 என்று அது பக்கத்தாருக்குச் சொல்லிற்று. வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல, கோளாறு. ஆனால் கேட்டவர்கள் நம்பி விட்டார்கள். வலையின் பொட்டலங்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓடின. போனது திரும்பவில்லை.

பாத்தியில் பாயும் தண்ணீர்

ஆகவே 1979-ல் அர்பாநெட்டில் முறையை மாற்றினார்கள். பழைய முறை என்ன? தெரிந்ததையெல்லாம் சொல்; பக்கத்துக்காரனுக்கு மட்டும் சொல். புதிய முறை: உன் கண்ணால் கண்டதை மட்டும் சொல், ஆனால் எல்லோருக்கும் சொல். அதாவது, "என்னிடமிருந்து இன்னின்ன பக்கத்தாருக்குக் கம்பி நன்றாக இருக்கிறது, இவ்வளவு தாமதம் ஆகிறது" என்று ஒவ்வொரு யந்திரமும் அறிவிப்புப் போடும். கேட்டவன் அதை அடுத்தவனுக்குத் தருவான். இப்படி ஒவ்வொருவர் அறிவிப்பும் வலை முழுதும் பரவும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒவ்வொரு யந்திரமும் வலையின் முழுப் படத்தைத் தானே வரைந்து கொள்ளும். குறுக்கு வழியையும் தானே கணக்குப் போடும்.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து தேசத்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் தாம் மணக்கவிருந்த பெண்ணோடு கடைவீதிக்குப் போனார். களைத்துப் போய் ஒரு காப்பி ஓட்டலில் உட்கார்ந்தபோது, காகிதமோ பேனாவோ இல்லாமல் 20 நிமிஷத்தில் மனதிலேயே போட்ட கணக்கு அது. 1959-ல் அச்சாயிற்று.

நம்மில் விவசாயத் தோழர்களுக்கு இந்தக் கணக்கு கடினமாக இராது. மடையைத் திறந்து விட்டால் தண்ணீர் என்ன செய்கிறது? எல்லா வாய்க்காலிலும் ஒரே சமயத்தில் ஓடுகிறது. மிகக் கிட்டத்திலுள்ள பாத்தியை முதலில் தொடுகிறது. அடுத்துக் கிட்டத்தில் உள்ளதை அடுத்துத் தொடுகிறது. ஒரு பாத்தியைத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக முதன்முதல் தொட்டதோ, அதுதான் அதற்குக் குறுக்கு வழி. பிறகு வேறு வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்தாலும் கணக்கில்லை. டைக்ஸ்ட்ராவின் கணக்கும் இதுவேதான்.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அண்ணன்!

இப்போது வியாதி தீர்ந்து விட்டதா? 1980 அக்டோபர் 27-ம் தேதி அர்பாநெட் முழுவதும் சில மணி நேரம் ஸ்தம்பித்தது. ஏன் என்று கேளுங்கள்.

அறிவிப்புகள் பல வழியாகச் சுற்றி வருவதால், எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண் போட்டார்கள். எண் 0 முதல் 63 வரை போய் மறுபடி 0-க்குத் திரும்பும், கடிகார முகத்தைப் போல. கடிகாரத்தில் 11-க்குப் பிறகு 1 வருகிறதல்லவா? சின்ன எண்ணாக இருந்தாலும் 1 தான் பிந்தியது. அதே போல, முன்னோக்கிப் போகையில் பாதி வட்டத்துக்குள், அதாவது 32 படிக்குள் வருவது புதியது என்று விதி வைத்தார்கள்.

அன்று 29-ம் எண் யந்திரத்தின் நினைவுப் பகுதியில் கோளாறு. எழுதி வைத்த எண்ணில் துண்டு துண்டாக உதிர்ந்து கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எண்ணை எப்படி எழுதுகிறது? 32, 16, 8, 4, 2, 1 என்ற எடைக்கற்களைத் தராசில் வைப்பது போல. பக்கத்திலிருந்த 50-ம் எண் யந்திரம் போட்ட அறிவிப்பின் எண் 44. அதாவது 32, 8, 4 என்ற மூன்று கற்கள். ஒரு பிரதியில் 4 என்ற கல் உதிர்ந்தது, மிஞ்சியது 40. இன்னொன்றில் 32 என்ற கல்லும் உதிர்ந்தது, மிஞ்சியது 8.

ஆக 44, 40, 8 என்று மூன்று அறிவிப்புகள் சுற்ற ஆரம்பித்தன. எது புதியது? 40-லிருந்து 44-க்கு 4 படி. ஆகவே 44 புதியது. 8-லிருந்து 40-க்குச் சரியாக 32 படி. ஆகவே 8-ஐவிட 40 புதியது. 44-லிருந்து சுற்றி வந்து 8-க்கு 28 படி. ஆகவே 44-ஐவிட 8 புதியது! மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அண்ணன்! (சிரிப்பு).

ஒவ்வொரு யந்திரமும் புதுச் சேதி வந்து விட்டதென்று வாங்கிக் கொண்டு, எல்லாப் பக்கமும் தள்ளிற்று. அடுத்த நிமிஷம் அதைவிடப் புதுச் சேதி. மறுபடி தள்ளு. மறுபடி வாங்கு. ஓயவே இல்லை. ஜனங்களின் பொட்டலத்தைக் கவனிக்க யந்திரத்துக்கு நேரம் இல்லை. ஒரு யந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட விட்டாலும் பயன் இல்லை. அது எழுந்தவுடன் பக்கத்து யந்திரம் அதே சேதியைத் திரும்பவும் அதன் தலையில் கட்டும். கடைசியில், "50-ம் எண் சொல்வதைக் காதில் போட்டுக் கொள்ளாதே" என்று ஒவ்வொரு யந்திரத்தின் நிரலிலும் சின்ன ஒட்டுப் போட்டுத்தான் வலையை மீட்டார்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? ஒரு யந்திரமும் விதியை மீறவில்லை. எல்லாம் சொன்னபடி செய்தன. கம்பியில் போகும்போது சேதி கெட்டதா என்று சரிபார்க்க ஏற்பாடு இருந்தது. யந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே கெட்டதைச் சரிபார்க்க ஏற்பாடு இல்லை. பிற்பாடு வந்த முறைகளில் வரிசை எண்ணைச் சுற்றி வராதபடி மிக நீளமாக்கினார்கள். அறிவிப்பு உள்ளேயே கெட்டுப் போனாலும் கண்டுபிடிக்கக் கணக்கு வைத்தார்கள். பழைய சேதி தானே செத்துப் போக வயது வைத்தார்கள். இன்று ஒரு கம்பெனியின் வலைக்குள் ஓடும் முறைகள் இந்த அடியில் கற்ற பாடத்தின் மேல் நிற்பவை.

சமஸ்தானங்களும் காசும்

இதுவரை சொன்னது ஒரே நிர்வாகத்துக்குள் நடப்பது. இன்டர்நெட் ஒரே நிர்வாகம் அல்ல. பல்லாயிரம் சமஸ்தானங்கள் சேர்ந்தது. டெலிபோன் கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், பாங்குகள், சர்க்கார் இலாகாக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வலை, தனி எண். இவை தமக்குள் வழி சொல்லிக் கொள்ளும் முறைக்குப் பெயர் பி.ஜி.பி. 1989-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் கூடிய இஞ்சினீயர்களில் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இருவர் மத்தியானச் சாப்பாட்டின்போது கை துடைக்கும் காகிதத்தில் கிறுக்கி ஆரம்பித்தது அது.

இங்கே கணக்கு வேறு. ஒரு சமஸ்தானம் தன் பக்கத்தாரிடம், "இன்ன விலாசங்களுக்கு என் வழியாகப் போகலாம்; நடுவில் இன்னின்ன சமஸ்தானங்கள்" என்று சொல்கிறது. கேட்ட கம்பெனி குறுகலான வழியை எடுக்குமா? அவசியமில்லை. முதலில் பார்ப்பது காசு. ஒரே இடத்துக்கு மூன்று வழி இருந்தால், தனக்குப் பணம் கட்டுகிற வாடிக்கைக்காரர் வழியாகத் தள்ளவே விரும்பும். அது இல்லாவிட்டால், இருவரும் பணம் இல்லாமல் மாற்றிக் கொள்கிற சம தோழமைக் கம்பெனி வழி. தான் பணம் கட்ட வேண்டிய பெரிய கம்பெனி வழியை எடுப்பது கடைசியாகத்தான். தூரம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதனால் என்ன ஆகிறது? ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகள் இருந்து, அவை நேரே சேர்ந்து கொள்ளாவிட்டால், எதிர் வீட்டுக்குப் போகிற பொட்டலம் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். நம் நாட்டிலும் இப்படித்தான் இருந்தது. உள்நாட்டுப் பொட்டலம் உள்நாட்டிலேயே கை மாறட்டும் என்பதற்காகத்தான் 2003-ல் இந்தியத் தேசிய இன்டர்நெட் பரிமாற்ற நிலையம் அமைக்கப்பட்டது. கம்பெனிகள் வந்து சேர்ந்து கொள்ளும் அதன் கூடங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது.

யாரும் பட்டா கேட்கவில்லை

காசு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. "இந்த விலாசங்கள் என்னுடையவை" என்று ஒரு சமஸ்தானம் சொன்னால், அது உண்மையா என்று பி.ஜி.பி. முறை கேட்பதில்லை.

2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் சர்க்கார் அந்நாட்டில் யூடியூபைத் தடுக்கும்படி உத்தரவு போட்டது. அந்நாட்டு டெலிபோன் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. யூடியூபின் விலாசங்களுக்குத் தன் வலைக்குள் ஒரு பொய் வழி போட்டது. அந்த வழியில் போகிற பொட்டலம் பள்ளத்தில் விழும். நாட்டுக்குள் இருக்க வேண்டிய இந்தப் பொய், பிப்ரவரி 24-ம் தேதி வெளியே கசிந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த மேல் கம்பெனி விசாரிக்காமல் வாங்கி உலகத்துக்கு ஒப்பித்தது.

உலகம் ஏன் உண்மை வழியை விட்டுப் பொய் வழியைப் பிடித்தது? தபால் பிரிப்பவரைப் பாருங்கள். ஜில்லாவுக்கு ஒரு பெட்டி, அதே ஜில்லாவிலுள்ள ஒரு தாலூகாவுக்குத் தனிப் பெட்டி என்று இரண்டும் இருந்தால், அந்தத் தாலூகாக் கடிதத்தை அவர் எதில் போடுவார்? தாலூகாப் பெட்டியில்தான். ரூட்டரின் விதியும் அதுவே: எது நுட்பமான விலாசமோ அது ஜெயிக்கும். யூடியூப் 1,024 விலாசங்களைச் சேர்த்து ஒரே கட்டாக அறிவித்திருந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்த அறிவிப்போ அதற்குள் 256 விலாசங்களை மட்டும் குறித்தது. நுட்பமானது ஜெயித்தது. உலகம் பூராவிலிருந்தும் யூடியூபுக்குப் போன பொட்டலங்கள் பாகிஸ்தானை நோக்கி ஓடிப் பள்ளத்தில் விழுந்தன. யூடியூபும் அதே அளவுக் கட்டாகவும், அதைவிடச் சிறிய கட்டாகவும் அறிவித்துப் போராடிற்று. ஹாங்காங் கம்பெனி அந்தப் பொய் வழியை எடுத்த பிறகுதான் நிலைமை சீரானது. 2 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

இதற்கு மருந்து என்ன? நிலத்துக்குப் பட்டா இருப்பது போல விலாசத்துக்கும் பட்டா. இன்ன விலாசக் கட்டை அறிவிக்கும் உரிமை இன்ன சமஸ்தானத்துக்கு என்று, போலி செய்ய முடியாத கணக்கு முத்திரை வைத்து எழுதி வைக்கிறார்கள். வழிச் சேதி வந்தால் ரூட்டர் அந்தப் பட்டாவோடு ஒத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் தள்ளி விடலாம். இந்த ஏற்பாடு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பெரிய கம்பெனிகள் பல இதை ஏற்றிருக்கின்றன. ஆனால் எல்லோரும் பட்டா எழுதி வைக்கவில்லை. எல்லோரும் ஒத்துப் பார்ப்பதும் இல்லை. மேலும், பட்டா சொல்வது நிலம் யாருடையது என்பதை மட்டும்தான். போகிற பாதையில் நடுவில் நிற்பவர் சொல்வது உண்மையா என்று அது சொல்லாது. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

அந்த இரவு நடந்தது

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 4-ம் தேதி, வாட்ஸ்அப்பை நடத்தும் கம்பெனியில் பராமரிப்பு வேலை நடந்து கொண்டிருந்தது. தங்கள் பெருவழிகளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். தவறான அந்தக் கட்டளை பெருவழிகளையெல்லாம் ஒரேயடியாகத் துண்டித்து விட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்கவென்று ஒரு சரிபார்க்கும் கருவி இருந்தது. அதிலும் ஒரு பிழை, அது தடுக்கவில்லை.

கம்பெனியின் விலாசப் புத்தகத்தை வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் பார்த்தன. உள்ளே தொடர்பு இல்லை. நாம் சீக்காளியாக இருக்கிறோம், பிறரை நம் பக்கம் அழைக்கக் கூடாது என்ற தங்கள் விதிப்படி, "எங்களிடம் வரும் வழி" என்ற பி.ஜி.பி. அறிவிப்பை வாபஸ் வாங்கி விட்டன. சில நிமிஷங்களில் உலகத்து ரூட்டர்களெல்லாம் அந்த வரிகளைத் தங்கள் பட்டியலிலிருந்து அடித்து விட்டன. வழி மறந்து போயிற்று என்றேனே, அது இதுதான். தூரத்திலிருந்து சரி செய்யவும் முடியவில்லை. சரி செய்ய வேண்டிய கட்டளையும் அதே வழியில்தானே போக வேண்டும்! மனிதர்கள் நேரில் போய், பூட்டுகளையும் காவலையும் தாண்டி, யந்திரத்தின் முன் உட்கார்ந்து சரி செய்ய வேண்டியதாயிற்று.

தோழர்களே! 1980-ல் நடந்ததையும், 2008-ல் நடந்ததையும், 2021-ல் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வலைக்கு அதிகாரி இல்லை. பக்கத்துக்காரன் சொல்வதைக் கேட்டு அடுத்த படி எடுத்து வைப்பதிலேயே இது ஓடுகிறது. ஒரு கம்பி அறுந்தாலும் மறு கம்பியைத் தேடிக் கொள்கிறது. அது இதன் பலம். ஆனால் மூன்று தடவையும் இது விழுந்தது கம்பி அறுந்து அல்ல. வந்த சேதியை ஒத்துப் பார்க்காமல் ஏற்றுக் கொண்டதால், அல்லது ஒத்துப் பார்க்க வைத்த இடமே பழுதாக இருந்ததால்.

மில்லில் வேலை செய்கிற நமக்கு இது புதிதல்ல. மேல் ஷிப்டுக்காரர் "யந்திரம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் போகிறார். அவர் நல்லவர்தான். இருந்தாலும் கையை உள்ளே விடுமுன் நாம் ஒரு தடவை பார்த்துக் கொள்கிறோம். பார்க்காமல் விட்டவர் விரலை இழந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். உலக வலையிலும் அந்த ஒரு தடவைப் பார்வைக்கு ஆளும், நேரமும், பணமும் ஒதுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் கம்பெனிகளும் சர்க்கார்களும். கூலியும் ரேஷனும் இந்த வழியில் வருகிற காலத்தில், "ஒத்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு.

இத்துடன் முடித்துக் கொள்கிறேன். கந்தன், முருகன் கணக்கும் 44, 40, 8 கணக்கும் புரியாதவர்கள் தயங்காமல் முன்னால் வாருங்கள். பலகையில் படம் போட்டு இன்னொரு தடவை பார்ப்போம்.